கேளுங்கள், சொல்கிறேன்: கடல் அடுக்களைக்குள் வந்த கதை

சென்ற இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, "அலையில் தண்ணீர் பயணம் போவதில்லை, ஆட்டம்தான் பயணம் போகிறது" என்று ஒரே வரியில் சொல்லியிருந்தேன். அந்த வரிக்கு நம் குமரி மாவட்டத்தில் நீரோடியில் தொடங்கி குளச்சல் வரை கடலோரத்தில் இருந்தும், கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலை, நெய்யாற்றின்கரைத் தமிழர்களிடம் இருந்தும் கடிதங்கள் வந்து குவிந்திருக்கின்றன. கடலை வீட்டு முற்றத்தில் வைத்துக்கொண்டு வாழ்கிறவர்கள் கேட்கும் கேள்விக்கு ஒரு வரி போதாது. அதனால் இந்த முறை பக்கம் முழுக்க அலைதான்.

சார், அலையில் தண்ணீர் நகராது என்று எழுதியிருக்கிறீர்கள். போன வருஷம் கடல் ஏறியபோது எங்கள் அடுக்களை வரை வந்தது, அரிசிப் பானை மிதந்தது. அது ஆட்டமா, தண்ணீரா?
— வாசகி, நீரோடி

தண்ணீர்தான், சகோதரி. நான் சொன்னது பாதிக் கதை. மீதியை இப்போது சொல்கிறேன்.

முதலில் ஒரு கயிறு எடுங்கள். நம் ஊரில் கயிற்றுக்குப் பஞ்சமில்லை. பத்துப் பன்னிரண்டு மீட்டர் நீளத்தில் ஒரு தேங்காய் நார்க் கயிற்றை எடுத்து ஒரு முனையை முற்றத்துப் பலாமரத்தில் கட்டி, நடுவில் ஒரு சிவப்புத் துணியை முடிந்துவிட்டு, மறுமுனையைத் தரையில் படாத அளவுக்கு இழுத்துப் பிடியுங்கள். கையை ஒரே ஒரு தரம் வெடுக்கென்று தூக்கி இறக்குங்கள். ஒரு மேடு கயிற்றின் மேல் ஓடும், மரத்தில் முட்டித் தலைகீழாகப் பள்ளமாகத் திரும்பியும் வரும். நீங்கள் அந்தச் சிவப்புத் துணியை மட்டும் பாருங்கள். மேடு வந்ததும் எழும்பும், போனதும் பழைய இடத்துக்கே இறங்கும், மரத்தை நோக்கி ஒரு விரற்கடை கூடப் போகாது. உங்கள் கை கொடுத்த வேகம் மரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, ஆனால் கயிறு எங்கேயும் போகவில்லை.

ஆழக்கடலிலும் இப்படித்தான். கடலுக்குப் போகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்: எஞ்சினை நிறுத்திவிட்டு வலை மிதவையைப் பார்த்துக்கொண்டிருந்தால், திரை, அதாவது அலை, வரும்போது அது மேலே ஏறிக் கொஞ்சம் முன்னே போகும், திரை கடந்ததும் கீழே இறங்கிக் கொஞ்சம் பின்னே வரும். ஒரு வட்டம் போட்டு முடிக்கும். ஒவ்வொரு வட்டத்திலும் கொஞ்சமே கொஞ்சம் முன்னால் தள்ளி நிற்கும் என்பது உண்மை, ஆனாலும் திரை ஓடுகிற வேகத்துக்கு முன் அது ஒன்றுமே இல்லை. மேலே இருக்கும் தண்ணீர் பெரிய வட்டம் போடும், கீழே போகப் போக வட்டம் சிறுத்துக்கொண்டே போகும். ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் உள்ள தூரத்தை அலைநீளம் என்கிறோம் இல்லையா, அதில் பாதி ஆழத்துக்குப் போனால் மேலே இருக்கும் ஆட்டத்தில் 4 சதவீதம்தான் மிச்சம்.

இந்த வட்டங்களுக்கு இடம் இருக்கிற வரைக்கும் நான் சென்ற இதழில் சொன்னது சரி. கரை பக்கம் வந்தால் தரை மேலே ஏறி வந்துவிடுகிறது. வட்டம் அமுங்கி முட்டை வடிவம் ஆகிறது. திரை வேகம் குறைகிறது. பின்னால் வருகிற திரையோ இன்னும் ஆழத்தில், வேகமாக வந்துகொண்டிருக்கிறது. பள்ளிக்கூட மணி அடித்ததும் பிள்ளைகள் ஓடிவந்து வாசலில் நெருக்கியடித்து நிற்கிற மாதிரிதான். ஒரு கணக்கு சொல்கிறேன். 16 வினாடிக்கு ஒன்றாக வருகிற திரை ஆழக்கடலில் மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் ஓடும், ஒரு முகட்டுக்கும் அடுத்ததுக்கும் 400 மீட்டர் இடைவெளி இருக்கும். அதே திரை 4 மீட்டர் ஆழத்துக்கு வரும்போது வேகம் மணிக்கு 23 கி.மீ. தான், இடைவெளி 100 மீட்டர்தான். அதன் சக்தி அத்தனையும் கால்வாசி நீளத்துக்குள் ஒடுங்குகிறது, ஒடுங்கியது மேலே எழும்புகிறது.

அப்புறம் உடைகிறது. திரையின் உயரம் அங்கே உள்ள ஆழத்தில் முக்கால்வாசியை எட்டும்போது, முகட்டில் இருக்கும் தண்ணீர் திரையையே முந்திக்கொண்டு ஓடப் பார்க்கிறது, கீழே தாங்க ஆள் இல்லாமல் முன்பக்கம் கவிழ்கிறது. அந்த இடத்தில் ஆட்டம் ஓட்டமாக மாறுகிறது. அதுவரை வட்டம் போட்டுக்கொண்டிருந்த தண்ணீர் நுரையோடு நேராகக் கரையேறுகிறது. திரை மேல் திரையாக உடைந்து தள்ளும்போது, நுரைக்கு உள்பக்கம் கடல்மட்டமே சற்று உயர்ந்து நிற்கும். சாதாரண நாளில் வருகிற 5, 6 வினாடித் திரை ஏறின கையோடு இறங்கிவிடும். 16 வினாடித் திரை ஏறிக்கொண்டே இருக்கும், இறங்கத் தொடங்கும்போது அடுத்தது வந்துவிடும். அந்த நேரம் ஓதமும் (கடலின் ஏற்றவற்றம்) ஏறியிருந்தால் உங்கள் வீட்டு வாசற்படி அதற்கு உயரமே இல்லை.

வேகத்தையும் சக்தியையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு இன்னும் மலைப்பாக இருக்கிறது. 1 மீட்டர் உயரமுள்ள அந்த 16 வினாடித் திரை, கரையின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் சுமார் 15 கிலோவாட் சக்தியைக் கொண்டுவந்து கொட்டுகிறது. நம் வள்ளங்களில் மாட்டுகிற 9.9 குதிரைத்திறன் எஞ்சின் இரண்டை முழு வேகத்தில் ஓட்டுவதற்குச் சமம், அதுவும் ஒரே ஒரு மீட்டருக்கு. உயரம் இரண்டு மடங்கானால் சக்தி நான்கு மடங்கு. விழிஞ்ஞத்தில் 1991இல் சென்னை ஐஐடிக்காரர்கள் அலையிலிருந்து மின்சாரம் எடுக்க 150 கிலோவாட் சோதனை நிலையம் அமைத்தது இந்தக் கணக்கை நம்பித்தான். திரை நிலையத்தின் அறைக்குள்ளே ஏறி இறங்கும்போது அங்கே இருக்கும் காற்று அமுங்கியும் இழுபட்டும் ஒரு விசிறியைச் சுழற்றும். அது பின்னால் நிறுத்தப்பட்டது. இருந்தாலும் அப்படி ஒன்று நம் கைக்கெட்டும் தூரத்தில் ஓடியது என்பதை எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்?

மழை இல்லை, காற்று இல்லை, வெயில் சுள்ளென்று அடிக்கிறது. கடல் மட்டும் பொங்கி வருகிறது. மலையாளத்தில் கள்ளக்கடல் என்கிறார்கள். எங்கிருந்துதான் வருகிறது?
— வாசகர், பாறசாலை

கள்ளனைப் போலச் சொல்லாமல் வருவதால் கள்ளக்கடல். மீனவர் வாயில் பிறந்த இந்தச் சொல்லை 2012இல் யுனெஸ்கோ அப்படியே அறிவியல் சொல்லாக ஏற்றுக்கொண்டது. நம் கரையின் சொல் உலகத்தின் சொல்லானது பற்றி நாம் பெருமைப்படலாம், அதற்கான தகுதி அந்தச் சொல்லுக்கு இருக்கிறது, ஏனென்றால் அது கவனித்துப் பார்த்தவர்கள் வைத்த பெயர்.

வருகிற இடம் தெற்கே, வெகு தெற்கே. இந்தியப் பெருங்கடலின் அடிப்பக்கத்தில், அண்டார்டிகாவைச் சுற்றி ஓடும் கடலில், நிலத்தின் தடையே இல்லாமல் காற்று வீசிக்கொண்டே இருக்கும். அங்கே ஒரு பெரும்புயல் இரண்டு மூன்று நாள் நின்று அடித்தால் கடல் கண்டபடி கொந்தளிக்கும். குட்டை அலை, நெட்டை அலை, எல்லாம் கலந்து கிடக்கும். அவை புயலை விட்டு வெளியே ஓடத் தொடங்கும்போது ஒரு ஒழுங்கு பிறக்கிறது. ஆழக்கடலில் நீளமான அலை வேகமாக ஓடும், குட்டை அலை மெதுவாக ஓடும், வழியிலேயே பெரும்பாலும் கரைந்தும் போகும். நீள அலைகள் தனியே பிரிந்து, வரிசை கட்டி, வடக்கே புறப்படுகின்றன.

நம் கரையிலிருந்து அந்த இடம் 6,000 கி.மீ. வாக்கில் இருக்கும். 90 கி.மீ. வேகம் என்றால் மூன்று நாளுக்குள் வந்துவிட வேண்டுமே என்று கணக்குப் போடுவீர்கள். இங்கேதான் ஒரு அதிசயம். குளத்தில் ஒரு கல்லைப் போட்டுவிட்டு வளையங்களை உற்றுப் பாருங்கள், அவசரப்படாமல். வளையக் கூட்டத்தின் பின்பக்கத்தில் புதுசு புதுசாக ஒரு முகடு முளைக்கும், அது கூட்டத்துக்குள்ளேயே ஓடி முன்பக்கம் போய்ச் சேர்ந்ததும் மறைந்துவிடும். கொஞ்சம் பெரிய கல்லாக இருந்தால் நன்றாகத் தெரியும். ஒவ்வொரு முகடும் கூட்டத்தைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் ஓடுகிறது. சக்தியைச் சுமந்து வருவது கூட்டம்தான். ஆகவே 90 கி.மீ. வேகத்தில் முகடுகள் ஓடினாலும், கூட்டம் மணிக்கு 45 கி.மீ. தான் நகரும், வந்து சேர ஐந்தரை நாள் ஆகும். அதற்குள் அங்கே புயல் அடங்கிப் போயிருக்கும், இங்கே ஒருவருக்கும் அதன் பெயர் கூடத் தெரிந்திருக்காது.

அத்தனை தூரம் வந்தும் தளராதா என்று கேட்கலாம். வால்டர் மங்க் என்ற கடலியலாளரும் அவர் கூட்டாளிகளும் 1963இல் இதைத்தான் அளந்தார்கள். நியூசிலாந்து தொடங்கி அலாஸ்கா வரை ஆறு இடங்களில் கருவி வைத்து, தென்கடல் புயலில் பிறந்த அலைகளைப் பசிபிக்கின் குறுக்கே 10,000 கி.மீ.க்கு மேல் பின்தொடர்ந்தார்கள். புயலை விட்டு விலகிய பிறகு நீள அலைகள் சக்தியை அதிகம் இழக்கவில்லை. தண்ணீர் பயணம் போயிருந்தால் எப்போதோ ஓய்ந்திருக்கும். ஆட்டம் கைமாறிக் கைமாறி வருவதால்தான் இத்தனை தூரம் வருகிறது.

ஆழக்கடலில் போகிற வள்ளத்துக்கு இது பெரிதாகத் தெரியாது. 400 மீட்டர் நீளத்தில் 1 மீட்டர் ஏறி இறங்கினால் யாருக்கு உறைக்கும்? ஆனால் இந்த அலையின் ஆட்டம் 200 மீட்டர் ஆழம் வரை எட்டும். நம் தெற்கே உள்ள வாட்ஜ் பேங்க் என்ற கடலடி மேடு அதைவிட ஆழம் குறைவு. ஆகவே கரைக்கு வெகு முன்பே அது தரையை உரசத் தொடங்கிவிடுகிறது. ஐந்து நாள் பயணம் என்பதில் ஒரு நன்மையும் இருக்கிறது, முன்கூட்டிச் சொல்ல முடியும். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் கள்ளக்கடல் எச்சரிக்கை கொடுக்கிறது. வானத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் அந்த எச்சரிக்கையைப் பாருங்கள்.

வள்ளம் இறக்கும்போது எங்கள் அப்பா திரை எண்ணுவார். ஏழாவது திரைதான் பெரிசு, அது போனதும் தள்ளு என்பார். இது உண்மையா?
— வாசகர், இரயுமன்துறை

அப்பா எண்ணியது சரி. ஏழு என்ற எண் எல்லா நாளும் பொருந்தாது, ஆனால் பெரிய திரைகள் கூட்டமாக வந்து போனதும் ஒரு ஓய்வு கிடைக்கும் என்பது முற்றிலும் உண்மை.

ஒரே நேரத்தில் இரண்டு இடத்திலிருந்து அலை வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று 12 வினாடிக்கு ஒரு தரம், மற்றது 14 வினாடிக்கு ஒரு தரம். இரண்டின் முகடும் ஒன்றின் மேல் ஒன்று விழும்போது திரை பெரிதாகும். அடுத்த தரம் கொஞ்சம் பிசகும். பிசகிப் பிசகி, ஒன்றின் முகடு மற்றதன் பள்ளத்தில் விழும் நேரம் வரும், அப்போது கடல் அடங்கியிருக்கும். மறுபடி சேரும். கணக்குப் போட்டால் 84 வினாடிக்கு ஒரு முறை பெரிய திரை வரும், இடையில் ஆறு ஏழு திரை. அப்பாவின் ஏழு அங்கே வந்துவிட்டது பாருங்கள்! வேறு நாளில் அலைகள் 12, 13 வினாடியாக இருந்தால் பன்னிரண்டு பதின்மூன்று திரைக்கு ஒன்று பெரிதாகும். உண்மைக் கடலில் இரண்டு அலைதான் என்று இல்லை, பல கலந்திருக்கும், அதனால் எண்ணிக்கை மாறிக்கொண்டே இருக்கும். அனுபவசாலிகள் போனதும் வள்ளத்தைத் தள்ளிவிடாமல் கொஞ்ச நேரம் நின்று அன்றைய கடலின் எண்ணிக்கையைப் பார்ப்பது இதற்காகத்தான். இயற்பியலில் இதை விம்மல் என்று படிக்கிறோம். வீணைக்குச் சுருதி சேர்க்கும்போது இரண்டு தந்தி கிட்டத்தட்ட ஒன்றாக வந்ததும் ஒலி வீங்கி வீங்கி அடங்குமே, அதே சங்கதி.

சுனாமி பிறந்தது சுமத்ராவில். அது கிழக்கே. குளச்சல் மேற்கே பார்த்த கரை, நடுவில் இலங்கை வேறு இருக்கிறது. எங்களை எப்படித் தேடி வந்தது?
— வாசகர், குளச்சல்

இந்தக் கேள்வியைக் குளச்சலில் இருந்து ஒருவர் கேட்கும்போது அதில் இருக்கும் வலி எனக்குப் புரிகிறது. 26.12.2004 அன்று நம் மாவட்டத்தில் நூற்றுக்கணக்கானோர் போனார்கள். நம்மையும் தாண்டி கொல்லம் பக்கத்து ஆலப்பாட்டையும் அது அடித்தது.

அலை வளையும். இரண்டு விதமாக வளையும். ஒன்று, ஆழம் மாறுவதால். வண்டியின் இடது சக்கரம் மணலில் இறங்கிவிட்டால் வண்டி இடது பக்கமே திரும்பும், ஏனென்றால் அந்தச் சக்கரம் மெதுவாகப் போகிறது. அலையின் ஒரு முனை ஆழம் குறைந்த பக்கம் போனால் அந்த முனை தாமதிக்கும், மறுமுனை சுற்றிக்கொண்டு வரும், அலை கரையை நோக்கித் திரும்பும். நம் கடற்கரையில் காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் திரை கிட்டத்தட்ட நேராகவே கரைக்கு வருவது இதனால்தான். முட்டத்துப் பாறைமுனையில் அலை எப்போதும் ஆவேசமாக அடிப்பதும் இதே காரணம்தான். முனையைச் சுற்றி ஆழம் குறைவு, இரண்டு பக்க அலையும் அதை நோக்கி மடங்குகிறது. மற்றது, தடையின் விளிம்பைத் தாண்டியதும் அலை தானாகவே நிழல் பக்கம் விரியும். கடலுக்குள் கல் போட்டுக் கட்டிய தூண்டில் வளைவின் நுனியில் நின்று பாருங்கள், அதற்கு உள்ளே இருக்கும் தண்ணீருக்கு நேர் வழி இல்லை, ஆனாலும் அலை விசிறி போல விரிந்து உள்ளே போகும்.

சுனாமியின் அலைநீளம் நூற்றுக்கணக்கான கி.மீ. கடலின் ஆழம் 4 கி.மீ. என்றாலும் அதற்கு அது ஆழமே இல்லை, நடுக்கடலில் கூடத் தரையை உரசிக்கொண்டே ஓடும் அலை அது. 4 கி.மீ. ஆழத்தில் வேகம் மணிக்கு சுமார் 700 கி.மீ., 50 மீட்டர் ஆழத்தில் 80 கி.மீ. ஆகவே ஆழம் மாறும் இடத்தில் எல்லாம் அது மடங்கும். இலங்கையின் தென்முனையைத் தொட்ட அலையின் உள்முனை தாமதித்தது, வெளிமுனை சுற்றி வந்தது, விளிம்பைக் கடந்ததும் விரிந்தது, நம் மேற்குக் கரை அதன் முன்னால் இருந்தது. நிலநடுக்கம் நடந்து இரண்டு மணி நேரம் கழித்து ஜேசன்-1 என்ற செயற்கைக்கோள் நடுக்கடலில் அந்த அலையின் உயரத்தை அளந்தது. சுமார் 60 செ.மீ. தான். அன்று ஆழக்கடலில் இருந்த வள்ளக்காரர்கள் ஒன்றும் தெரியாமல் கரைக்கு வந்து பார்த்து நெஞ்சில் அடித்துக்கொண்டார்கள் என்றால் காரணம் இதுதான்.

ரயில் கிட்ட வரவர ஹாரன் சத்தம் கீச்சென்று ஏறிக்கொண்டே போய், தாண்டினதும் இறங்குகிறது. ஏன்?
— வாசகி, குழித்துறை

ஏறிக்கொண்டே போகிற மாதிரி தோன்றுவது சத்தத்தின் வலு, சுருதி இல்லை. அடுத்த முறை கண்ணை மூடிக் கேளுங்கள். தூரத்தில் வரும்போதே சுருதி உயர்ந்துதான் இருக்கும், அப்படியே நிற்கும், உங்களைத் தாண்டும் அந்தக் கணத்தில் சரிந்து கீழே போய் அங்கே நிற்கும்.

ஒலியும் அலைதான், காற்றில் அமுங்கலும் தளர்தலுமாக வினாடிக்கு சுமார் 345 மீட்டர் ஓடுகிற அலை. ரயில் வந்துகொண்டே ஒலிப்பதால் ஒவ்வொரு அமுங்கலும் முந்தியதற்குக் கொஞ்சம் பக்கத்திலேயே பிறக்கிறது, நெருக்கமாக வந்து காதில் விழுகிறது. போகும்போது இழுபட்டு வருகிறது. மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் போகிற ரயில் என்றால், தாண்டும்போது சுருதி இறங்குகிற அளவு கிட்டத்தட்ட ரிஷபத்திலிருந்து சட்ஜத்துக்கு, கணக்கு அவ்வளவு அழகாக ஒன்பதுக்கு எட்டு என்று வந்து நிற்கிறது. பாட்டுத் தெரிந்த பிள்ளை ஒன்றைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டால் ரயிலின் வேகத்தையே சொல்லிவிடலாம். 1842இல் டாப்ளர் இதைக் கணக்காகச் சொன்னார். 1845இல் ஹாலந்தில் பைஸ் பாலட் என்பவர் ரயிலில் ஊதுகுழல்காரர்களை ஏற்றி, காது தேர்ந்த இசைக்காரர்களைத் தண்டவாளத்தின் ஓரம் நிறுத்திச் சோதித்தே பார்த்துவிட்டார்.

பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன் சார். ஆழம் குறையும்போது அலையின் எது மாறும், எது மாறாது?
— மாணவர், மார்த்தாண்டம்

அதிர்வெண் மாறாது தம்பி. வினாடிக்கு எத்தனை அலை உள்ளே வருகிறதோ அத்தனைதான் வெளியே போக முடியும், நடுவில் காணாமல் போக இடமில்லை. வேகம் என்பது அதிர்வெண்ணை அலைநீளத்தால் பெருக்கியது, எனவே வேகம் குறைந்தால் அலைநீளம் குறைந்தே ஆக வேண்டும். மேலே அடுக்களைக் கேள்வியில் 400 மீட்டர் 100 மீட்டர் ஆனது இப்படித்தான்.

எங்கள் வீடு மலை அடிவாரத்தில். நாகர்கோவில் எஃப்.எம். விட்டு விட்டுத்தான் கேட்கிறது. பழைய பெட்டியில் மீடியம் வேவ் மட்டும் எப்படித் தெளிவாக வந்தது?
— வாசகர், ஆறுகாணி

மலை ஒன்றுதான், அலைகள்தான் வேறு. நாகர்கோவில் எஃப்.எம். 101 மெகாஹெர்ட்ஸ், அதன் அலைநீளம் 3 மீட்டர். நாங்கள் கேட்டு வளர்ந்த திருவனந்தபுரம் 1161 கிலோஹெர்ட்ஸ், அலைநீளம் 258 மீட்டர். தடையின் அளவும் அலைநீளமும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருந்தால் அலை தாராளமாகச் சுற்றிக்கொண்டு வரும். 258 மீட்டர் அலைக்கு உங்கள் குன்று ஒரு மேடு, அவ்வளவுதான். 3 மீட்டர் அலைக்கு அது பெரிய கோட்டைச் சுவர், பின்னால் நிழல் விழுந்துவிடும். பெட்டியை இரண்டு அடி தள்ளி வைத்தால் சில நேரம் தெளிவாவதைப் பார்த்திருப்பீர்கள். எதிர் மலையில் பட்டுத் திரும்புகிற அலையும் நேரே வருகிற அலையும் ஓரிடத்தில் சேர்ந்தும் ஓரிடத்தில் ஒன்றை ஒன்று கெடுத்தும் நிற்பதால் அப்படி. அப்புறம், ராத்திரியில் மீடியம் வேவில் தூரத்து நிலையங்கள் கேட்டதற்குக் காரணம் வேறு. பகலில் வெயிலால் உண்டாகும் ஒரு மின்னூட்டப் படலம், 60 முதல் 90 கி.மீ. உயரத்தில், அந்த அலைகளை விழுங்கிவிடும். பொழுது சாய்ந்ததும் அது கரைந்துபோகும், அதற்கு மேலே உள்ள படலத்தில் பட்டு அலை திரும்பி இறங்கும்.

இந்த நாகர்கோவில் நிலையத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆகாசவாணியின் முதல் உள்ளூர் எஃப்.எம். நிலையமாக 1984இல் தொடங்கியது இங்கேதான்.

நண்பர்களோடு கடலில் குளிக்கப் போகிறோம். அலை அடிக்காத இடமாகப் பார்த்து இறங்கினால் பாதுகாப்புதானே?
— கல்லூரி மாணவர், களியக்காவிளை

இல்லை தம்பி. அந்த இடத்தில் இறங்கவே இறங்காதீர்கள்.

முதல் பதிலில் சொன்னேன், உடைந்த திரைகள் தண்ணீரைக் கரைப்பக்கம் தள்ளிக் குவிக்கின்றன என்று. குவிந்த தண்ணீர் எங்கேயாவது திரும்பிப் போக வேண்டும். தரையில் எங்கே ஒரு பள்ளம் வாய்க்கால் போல் இருக்கிறதோ அங்கே அது ஆறு மாதிரி கடலுக்குள் பாயும். பள்ளம் என்பதால் அங்கே திரை உடையாது, இரண்டு பக்கமும் வெள்ளை நுரையாக இருக்க நடுவில் மட்டும் கருத்து, அமைதியாக, கூப்பிடுவது போல் இருக்கும். சில நேரம் கலங்கிய மணலும் நுரைத் துணுக்கும் கடல் பக்கம் போய்க்கொண்டிருப்பது தெரியும். அதுதான் அடையாளம். 2024 மே 6 அன்று கணபதிபுரத்து லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் போனார்கள். அந்த நாள்களில் கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்தது. உங்கள் வயதுப் பிள்ளைகள்.

எச்சரிக்கை இருக்கும் நாளில் பாறை மேல் கூட நிற்க வேண்டாம், பெரிய திரைக் கூட்டம் இரண்டு நிமிஷம் ஓய்ந்திருந்துவிட்டு வரும். மற்ற நாளில் இறங்கும் முன் கரையில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள், பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருக்கும் அண்ணன்மார் யாராவது இருந்தால் எங்கே இழுக்கும் என்று கேளுங்கள், அவர்களுக்குத் தெரியும். தப்பித் தவறி அந்த ஓட்டத்தில் மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து நேராக நீந்தாதீர்கள், எவ்வளவு பெரிய நீச்சல்காரனும் அதில் களைத்துப் போவான். அது உங்களைக் கீழே அமுக்காது, வெளியேதான் கொண்டுபோகும், திரை உடையும் எல்லையைத் தாண்டியதும் தளர்ந்துவிடும். அகலமும் அதிகம் இல்லை, பெரும்பாலும் பத்திருபது மீட்டர்தான். மூச்சை நிதானமாக விட்டு மிதந்தபடி, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்துங்கள். நுரை அடிக்கிற இடம் வந்ததும் கரைப்பக்கம் திரும்புங்கள், அங்கே திரையே உங்களைத் தள்ளிக் கொண்டுவந்து விடும்.